வேலூர் வெயிலுக்குத் தாங்கும் கெட்டி சென்ட்: வீட்டிலேயே செய்யும் முறை

நான் முதன்முதலில் செய்த கெட்டி சென்ட், காட்பாடி ரயில் நிலைய வண்டி ஸ்டாண்டில் உயிரை விட்டது. சித்திரை மாதம். காலையில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுச் சென்னை போனவள், சாயங்காலம் வந்து சீட்டைத் தூக்கினால் வெட்டிவேர் மணம் ஆளையே தூக்குகிறது. டப்பா மூடி ஒரு பக்கம், டப்பா ஒரு பக்கம். உள்ளே இருந்ததெல்லாம் இன்ஷூரன்ஸ் பேப்பரிலும் மழைக்கோட்டிலும். எங்கோ குளிர் நாட்டில் இருக்கிறவர் சொன்ன அளவை அப்படியே எடுத்திருந்தேன்: மெழுகு ஒரு பங்கு, எண்ணெய் ஐந்து பங்கு. அவர் ஊரில் அது விரலால் தொட்டுத் தேய்க்கிற பதத்தில் இருந்திருக்கும். நம் ஊர் வெயிலில் அது கஷாயம்.

அதற்குப் பிறகு ஏழெட்டு தடவை செய்து, கெடுத்து, மறுபடி உருக்கி, வேலூருக்கு என்று ஓர் அளவு பிடிபட்டது. புதிதாகச் செய்யப் போகிறவர்களுக்கு அதைத்தான் சொல்லப் போகிறேன்.

கெட்டி சென்டில் இருப்பது மூன்றே பொருள்: தேன்மெழுகு, ஒரு தாங்கு எண்ணெய் (வாசனையைச் சுமக்கிற சாதாரண எண்ணெய்), வாசனை எண்ணெய். தண்ணீர் கிடையாது, ஸ்பிரிட் கிடையாது. பீய்ச்சுகிற சென்டில் ஸ்பிரிட் பறக்கும்போது மணமும் கூடவே பறந்து அறையெல்லாம் பரவும். இது தோல் சூட்டில் மெல்ல இளகி, பூசியவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் மட்டும் தெரிகிற அளவில் வரும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தும்ம மாட்டார்.

மெழுகும் எண்ணெயும்

தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். வெயிலைத் தாங்குவது இதுதான், அதனால் இதில் ஏமாறக் கூடாது. கடையில் 'வெள்ளை மெழுகு' என்று கேட்டால் பல இடங்களில் மெழுகுவர்த்திக்கான பாரஃபினைக் கொடுத்துவிடுவார்கள். கண்டுபிடிப்பது சுலபம். நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பாரஃபின் தூள் தூளாக உதிரும். தேன்மெழுகு சுருள் சுருளாக வரும், அந்தச் சுருளை விரலுக்கிடையில் வைத்து உருட்டினால் களிமண் மாதிரி பிசையலாம். மூக்கருகில் வைத்தால் லேசான தேன் வாசனை.

ஜவ்வாது மலையில் தேன் எடுக்கிறவர்களிடம் சொல்லி வைத்தால் பிழிந்த அடையும் கிடைக்கும். நான் அப்படித்தான் வாங்குகிறேன். அடையைத் தண்ணீரோடு ஒரு பழைய பாத்திரத்தில் போட்டுச் சூடாக்கி, உருகியதும் பருத்தித் துணியில் வடிகட்டி, அப்படியே ஆறவிட வேண்டும். மெழுகு மேலே தட்டையாக உறைந்து நிற்கும். அடிப்பக்கம் கறுப்பாகப் படிந்திருப்பதைக் கத்தியால் சுரண்டி எறியுங்கள். அந்த வில்லையை இரண்டு நாள் நிழலில் காயவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். ஈரம் ஒரு சொட்டு உள்ளே போனாலும் பின்னால் பூசணம் வரும்.

எண்ணெயில் ஜோஜோபா நல்லது. அது உண்மையில் திரவ நிலையில் இருக்கும் மெழுகு, அதனால் சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்காது. விலைதான் இடிக்கும். பாதாம் எண்ணெயும் ஆகும். தேங்காய் எண்ணெய் கைக்கெட்டிய பொருள், ஆனால் மரச்செக்கு எண்ணெயில் தேங்காய் மணம் தூக்கி நிற்கும்; மணமில்லாத ரீஃபைண்ட் எண்ணெயே இதற்குத் தோது. நல்லெண்ணெய் வேண்டாம். எந்த வாசனையைப் போட்டாலும் கடைசியில் தீபாவளி காலை எண்ணெய்க் குளியல் மாதிரிதான் இருக்கும்.

வாசனை எண்ணெய் வாங்கும்போது

'எசன்ஸ்' என்று விற்பது வேறு, பூவிலிருந்தோ வேரிலிருந்தோ இறக்கிய எண்ணெய் வேறு. கேக்கில் போடுகிற எசன்ஸ் மெழுகோடு சேரவே சேராது. ஆறியதும் மேலே வியர்வை மாதிரி பூத்து நிற்கும். பாட்டிலில் செடியின் தாவரவியல் பெயரும், எந்தப் பகுதியிலிருந்து எடுத்தது என்பதும் இருக்கிறதா பாருங்கள். ஆரஞ்சு, லெமன்கிராஸ் போன்ற இலேசான எண்ணெய் என்றால் வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள். எண்ணெய் வட்டம் அப்படியே இருந்தால் சமையல் எண்ணெயோ வேறு ஏதோ கலந்திருக்கிறார்கள். வெட்டிவேர், சந்தனம் போன்ற கனமான எண்ணெய்க்கு இந்தச் சோதனை செல்லாது. அவை இயல்பாகவே கறை விடும்.

சந்தனத்தைப் பற்றி நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 2019-ல் திருப்பத்தூர் தனி மாவட்டமாகப் போனாலும், அங்கே இருக்கிற வனத்துறைச் சந்தனக் கிடங்கு எங்களுக்கு இன்னும் பக்கத்து வீட்டுச் சமாச்சாரம்தான். அதனாலேயே 'எங்க கொல்லையில ஒரு மரம் இருக்கு, ஒரு கிளை வெட்டிக்கலாமா' என்று கேட்கிறவர்களும் உண்டு. சொந்த நிலத்து மரமானாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. இன்னொன்று, கல்லில் அரைத்த சந்தனம் இதற்கு உதவாது. அதில் தண்ணீர் இருக்கிறது. சந்தன எண்ணெய் 1 மில்லி வாங்கினால் ஒரு டப்பாவுக்குப் போதும். கட்டுப்படியாகாதவர்கள் தேவதாரு எண்ணெய் வாங்கிக்கொள்ளுங்கள். சந்தனத்தின் குழைவு வராது, ஆனால் மர வாசனையின் அடித்தளம் கிடைக்கும்.

புனுகு வேண்டாம். புனுகுப் பூனை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் விலங்கு. ஜவ்வாதுப் பொடியும் வேண்டாம். அது எண்ணெயில் கரையாமல் அடியில் மண் மாதிரி படியும். (ஜவ்வாது மலைக்காரர்கள் என்பதால் எங்களிடம் பொடி மூட்டை மூட்டையாக இருக்கும் என்று வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கு ஒரு நினைப்பு.)

அத்தர் கலக்கலாமா? கலக்கலாம். ஸ்பிரிட் இல்லாத அத்தர் மெழுகோடு அழகாகச் சேரும். உத்தரப் பிரதேசத்துக் கன்னௌஜில் பழைய முறையில் பூவின் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கித்தான் அத்தர் செய்வார்கள். விலை குறைந்தவற்றில் சந்தனத்துக்குப் பதிலாக லிக்விட் பாரஃபின் போன்றவை இருக்கும், கேட்டு வாங்குங்கள். சுட்ட மண்ணிலிருந்து இறக்குகிற மண் அத்தர் ஒன்று உண்டு. காய்ந்து கிடக்கும் பாலாற்றில் முதல் தூறல் விழுந்தால் வருமே, அந்த வாசனை. வெட்டிவேரோடு அதற்கு இணை கிடையாது.

எது எவ்வளவு

வாசனையை எந்த வரிசையில் அடுக்குவது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் லாங் பஜார் பக்கம் அத்தர் விற்கிற ஒரு பாய். நான் ஆரஞ்சு எண்ணெயை மட்டும் போட்டுச் செய்த டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னாமா, தலை மட்டும் வெச்சிக்கினு உடம்பே இல்லாம கீது. அடி போடு, நடு போடு, கடைசில தலை வை. இல்லாட்டி நம்ம ஊர் வெயிலுக்கு பத்து நிமிசம் நிக்காதும்மா."

அவர் சொன்ன அடி என்பது மெல்லப் பறக்கிறவை: வெட்டிவேர், சந்தனம், தேவதாரு. நடு என்பது பூவும் மசாலாவும்: மல்லிகை, மரிக்கொழுந்து, ஏலம், கிராம்பு. தலை என்பது திறந்ததும் மூக்கில் ஏறி உடனே போய்விடுகிறவை: ஆரஞ்சு, எலுமிச்சை வகைகள். சூடு கூடக் கூடத் தலை இன்னும் வேகமாகப் பறக்கும். அதனால் இங்கே அடியைப் பாதிக்கு மேல் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

30 கிராம் அளவுக்கு, அதாவது இரண்டு சின்னச் சிமிழுக்கு:

தேன்மெழுகு 10 கிராம், எண்ணெய் 18 கிராம். இது ஆடி முதல் மாசி வரை. பங்குனி பிறந்துவிட்டால் மெழுகு 12, எண்ணெய் 16.

வாசனை எண்ணெய் மொத்தம் 2 மில்லி, சுமார் 40 சொட்டு: வெட்டிவேர் 12, சந்தனம் 12, ஆரஞ்சு 8, ஏலக்காய் 4, மரிக்கொழுந்து 3, கிராம்பு 1.

கிராம்பு ஒரே ஒரு சொட்டுதான். 'கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்' என்று ஐந்து சொட்டு விட்டால் கழுத்து எரியும். லவங்கப்பட்டை எண்ணெய் இன்னும் மோசம், அதைத் தொடவே வேண்டாம். எலுமிச்சைத் தோலைப் பிழிந்து எடுத்த எண்ணெயும், பெர்கமாட் என்கிற எலுமிச்சை வகை எண்ணெயும் வெயில் பட்டால் தோலைக் கறுக்க வைக்கும். வேலூரில் வெயில் படாமல் யார் இருக்கிறார்கள்? இனிப்பு ஆரஞ்சில் அந்தத் தொல்லை இல்லை.

நிறுக்க நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும். ஸ்பூன் கணக்கு இங்கே ஒத்து வராது. துருவிய மெழுகு ஒரு ஸ்பூனும் கட்டி மெழுகு ஒரு ஸ்பூனும் ஒரே எடை இல்லை.

வாசனை எண்ணெய்களை முதல் நாளே ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் கலந்து மூடி வைத்துவிடுங்கள். அடியிலிருந்து தலைக்கு, பாய் சொன்ன வரிசையில். மறுநாள் முகர்ந்து பார்த்தால் கலந்த நிமிஷத்தில் இருந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. பிடிக்கவில்லையென்றால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம். மெழுகில் ஊற்றிய பிறகு திருத்த முடியாது.

உருக்குவது

மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்கவே கூடாது. தீப்பிடிக்கும் பொருள். ஒரு வாணலியில் இரண்டு அங்குலம் தண்ணீர் வைத்து, அதற்குள் எவர்சில்வர் டம்ளரையோ தடித்த கண்ணாடிக் கிண்ணத்தையோ நிறுத்துங்கள். கிண்ணம் ஆடாமலிருக்க அடியில் ஒரு துணி மடித்துப் போடலாம். தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டாம், சிணுங்கினால் போதும். கிண்ணமும் கரண்டியும் துளி ஈரமில்லாமல் துடைத்திருக்க வேண்டும். வேலை முடியும் வரை அடுப்பை விட்டு நகராதீர்கள்.

துருவிய மெழுகு முதலில் போகட்டும். அது கண்ணாடி போலத் தெளிந்ததும் எண்ணெயை ஊற்றுங்கள். ஊற்றியவுடன் மெழுகு பயந்துபோய் மறுபடி திரித்திரியாக உறையும். கலவரப்பட வேண்டாம், மரக்குச்சியால் கிளறிக்கொண்டே இருந்தால் இரண்டு நிமிஷத்தில் தெளியும்.

இப்போது பதம் பார்க்க வேண்டும், இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு ஸ்பூனை முன்கூட்டியே ஃப்ரீசரில் வைத்திருங்கள். கலவையில் ஒரு சொட்டு அதன் மேல் விட்டு, உறைந்ததும் ஸ்பூனை எடுத்து அடுப்படி மேடையில் பத்து நிமிஷம் போடுங்கள். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு விரலால் தேயுங்கள். விரல் பட்டதும் வழுக்கிக்கொண்டு போனால் இன்னும் ஒரு கிராம் மெழுகு. அழுத்தித் தேய்த்தாலும் கையில் ஒட்டவில்லையென்றால் ஒரு கிராம் எண்ணெய். நெய் ரோஸ்டுக்கு மேலே வைக்கிற வெண்ணெய் மாதிரி இருந்தால் வெயிலில் நிற்காது. லிப் பாம் குச்சியை விட ஒரு சுற்றுக் கெட்டியாக இருப்பது நமக்குச் சரி.

பதம் வந்ததும் அடுப்பை அணைத்துக் கிண்ணத்தை வெளியே எடுத்துத் துடையுங்கள். வாசனையை உடனே ஊற்றினால் பாதி அடுப்படிக்குத்தான் போகும். கிண்ணத்தின் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு மாதிரி உறைய ஆரம்பிக்கும் பாருங்கள், அந்த நேரத்தில் குப்பியைக் கவிழ்த்து, நான்கு சுற்றுக் கிளறி, உடனே சிமிழில் ஊற்றிவிட வேண்டும். அரை நிமிஷ வேலை. அதற்குள் செல்போன் அடித்தால் அடிக்கட்டும். ஊற்றிய பிறகு அசைக்காமல் மூடாமல் ஆறவிடுங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள், காற்று பட்டால் நடுவில் குழி விழும். விழுந்தாலும் குற்றமில்லை, அழகுதான் கொஞ்சம் குறையும்.

சிமிழ் விஷயத்தில் நான் பட்டது: பாட்டி வைத்திருந்த பித்தளைக் குங்குமச் சிமிழில் ஊற்றி ஆசையாக வைத்திருந்தேன். மூன்று வாரத்தில் ஓரமெல்லாம் பச்சை பூத்துவிட்டது. எண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து பண்ணுகிற வேலை. பித்தளையும் செம்பும் வேண்டாம். எவர்சில்வர், கண்ணாடி, அலுமினிய டப்பா எதுவானாலும் சரி. திருகு மூடியாக இருக்கட்டும்.

மல்லிகையை எண்ணெயில் பிடிப்பது

எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இது. பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

மல்லிகை மணத்தைக் கொதிநீர் ஆவியில் இறக்கினால் கருகிப்போகும். கடையில் கிடைக்கும் மல்லிகை எண்ணெய் கரைப்பான் ஊற்றி எடுப்பது, சத்தியமங்கலம் பக்கமெல்லாம் அதற்கு ஆலைகள் உண்டு. ஆனால் மல்லிக்கும் சம்பங்கிக்கும் ஒரு குணம்: பறித்த பிறகும் மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதனால் பூவைக் கொழுப்பின் மேல் படுக்க வைத்தால், அது விடுகிற மணத்தையெல்லாம் கொழுப்பு குடித்துக்கொள்ளும்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கு மேல் உருகிவிடும், வேலூரில் மார்கழி விடியற்காலை தவிர அது உறைந்து நிற்பதைப் பார்ப்பதே அபூர்வம். அதனால் 100 கிராம் மணமில்லாத தேங்காய் எண்ணெய்க்கு 10 கிராம் தேன்மெழுகு சேர்த்து உருக்கி, ஒரு பீங்கான் தட்டில் அரை விரல் கனத்துக்கு ஊற்றி உறைய விடுங்கள்.

சாயங்காலம் நாலு, ஐந்து மணிக்கு நேதாஜி மார்க்கெட் போய் மொட்டாக வாங்கி வாருங்கள். கட்டிய சரம் வேண்டாம், உதிரி. விரிந்த பூவும் வேண்டாம், அது பாதி மணத்தை மார்க்கெட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கும். வாடாமலிருக்கத் தண்ணீர் தெளித்திருப்பார்கள், ஆகவே வீட்டுக்கு வந்ததும் வெள்ளைத் துணியில் பரப்பி, ஃபேனடியில் அரை மணி நேரம் போட்டு ஈரத்தை எடுங்கள். பச்சைக் காம்பை ஒவ்வொன்றாகக் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் இலை வாடை ஏறும். டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம்.

கிள்ளிய மொட்டுகளைத் தலைகீழாக, ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல், கொழுப்பின் மேல் லேசாக அழுத்தி வையுங்கள். இன்னொரு தட்டால் மூடி இருட்டான இடத்தில் வைத்துவிடுங்கள். ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு மொட்டு வெடிக்கும். மூடியைத் தூக்கிப் பார்க்க ஆசை வரும், பார்க்காதீர்கள். மறுநாள் சாயங்காலம் பூ பழுப்பாகும் முன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புது மொட்டு வைக்க வேண்டும். மூடியின் உள்பக்கம் வியர்த்திருந்தால் துடைத்துவிடுங்கள். இப்படி எட்டு முதல் பத்து நாள். அழுகிய பூ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால்கூடத் தட்டு முழுவதும் புளித்த வாடை அடித்துவிடும்.

பூ மலிவாகக் கிடைக்கிற பங்குனி, சித்திரையில் செய்வதுதான் கட்டுப்படியாகும். மார்கழியில் மல்லிகை விலையைக் கேட்டாலே மணம் போய்விடும்.

பத்து நாள் கழித்துத் தட்டைச் சுரண்டி எடுத்த கொழுப்பில் 18 கிராம், தேன்மெழுகு 9 கிராம். முதலில் மெழுகை மட்டும் உருக்கி, அடுப்பை அணைத்த பிறகு கொழுப்பைப் போட்டு அந்தச் சூட்டிலேயே கரைய விடுங்கள். கட்டி நின்றால் வெந்நீர்மேல் ஒரு நிமிஷம் வைத்தால் போதும். அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் பத்து நாள் உழைப்பும் ஆவியாகிவிடும். மேற்கொண்டு சந்தனம் ஐந்தாறு சொட்டு விட்டால் மணம் நின்று பேசும். கடை சென்ட் மாதிரி தூக்கியடிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ராத்திரி தலையில் வைத்த பூ, காலையில் தலையணையில் விட்டுப்போகும் வாசனை இருக்குமே, அந்த அளவுதான். மூன்று நான்கு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

வெட்டிவேரை இதே மாதிரி எண்ணெயில் இறக்குவது எளிது. காய்ந்த வேரைக் கழுவி, நன்றாக உலர்த்தி, பொடியாக நறுக்கி, ஜாடியில் போட்டு எண்ணெய் மூழ்க ஊற்றி மொட்டை மாடியில் இரண்டு வாரம். நம் ஊர் வெயிலுக்கு இப்படி ஒரு பயனாவது இருக்கட்டும். அந்த எண்ணெயைத் தாங்கு எண்ணெயாகப் போட்டால் வெட்டிவேர் சொட்டு பாதியாகக் குறையும்.

பூசுவதும் வைப்பதும்

செய்த அன்றே பூசாதீர்கள். ஒரு வாரம் மூடி வைத்தால் மூலைகள் எல்லாம் மழுங்கி ஒரே வாசனையாகும். முதல் தடவை முழங்கையின் உள்மடிப்பில் கொஞ்சம் தேய்த்து ஒரு நாள் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அந்தக் கலவையை விட்டுவிடுங்கள். கர்ப்பிணிகளும் வீசிங் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். கைக்குழந்தைக்குப் பூசவே கூடாது. மணிக்கட்டு, காதின் பின்புறம், கழுத்துக் குழி, போதும். பட்டுப் புடவையில் பட்டால் எண்ணெய்க் கறை, அதனால் பூசிக்கொண்டு ஐந்து நிமிஷம் கழித்துக் கட்டுங்கள். ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போகிற நாளில் மட்டும் பூசாதீர்கள். வாந்தியில் கிடக்கிற நோயாளிக்கு நம் சந்தனமும் நாற்றம்தான். இந்த ஊரில் மாதம் ஒரு தடவையாவது அப்படிப் போக நேரும்.

ஜோஜோபாவில் செய்தது ஒரு வருஷம் தாங்கும், மற்றவை ஆறு மாதம். ஈரக் கையால் தொடாதீர்கள். டிக்கியில் வைக்காதீர்கள். 12 கிராம் மெழுகு போட்டாலும் மத்தியான வெயிலில் நிற்கிற வண்டியின் டிக்கியை எந்த மெழுகும் ஜெயிக்காது. ஒருவேளை உருகிவிட்டால், கொட்டாமலிருந்தால், நிமிர்த்தி வைத்து ஆறவிடுங்கள். மணம் சற்றுக் குறையும், மற்றபடி பழுதில்லை.

கிண்ணத்தைத் தொட்டியில் போட்டுக் கழுவாதீர்கள், மெழுகு குழாயில் உறைந்து பிளம்பரைக் கூப்பிட வைக்கும். சூடு ஆறும் முன்பே பழைய பனியன் துணியால் வழித்துத் துடைத்துவிட்டு, பிறகு வெந்நீரும் சோப்பும். அந்தத் துணியை எறிய வேண்டாம். தேன்மெழுகும் எண்ணெயும் தோல் சாமான்களுக்கு நல்ல பாலிஷ், ஆம்பூரும் ராணிப்பேட்டையும் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக்காரர் ஆபீஸ் ஷூ ஒரு வருஷமாக அந்தத் துணியில்தான் பளபளக்கிறது. வெட்டிவேர் வாசனையோடு.